இரண்டாவது மிதி

அந்த லாரி ராணுவத்திலிருந்து ஏலத்தில் வெளியே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பச்சைக்கு மேல் மஞ்சள், மஞ்சளுக்கு மேல் நீலம் என்று கதவில் மூன்று கோட்டிங் ஏறியிருந்தும், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பழைய ராணுவ எண் லேசாகப் புடைத்துக்கொண்டு தெரியும். கல் குவாரிக்காரர்கள் அதை வாங்கியதும் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் எஞ்சின் வைத்தார்கள். மற்றதெல்லாம் பட்டாளத்தில் இருந்தபடியே இருந்தது. பிரேக்கும் அப்படித்தான்.

காலையில் முப்பது ஆட்களை மேலே குவாரிக்கு ஏற்றிப் போக வேண்டும், சாயங்காலம் கீழே இறக்கிவிட வேண்டும். நடுவில் கல் ஏற்ற வேண்டும். குவாரியிலிருந்து ஊருக்கு வரும் பாதை நல்ல சரிவு. இரண்டே வளைவுகள். இரண்டாவது வளைவு முடிந்ததும் வீடுகள் தொடங்கிவிடும். அங்கே முதல் கட்டடம் மெக்கானிக்கின் ஷெட்.

வண்டியை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டியவர் மெக்கானிக்கின் அக்காள் புருஷன். பட்டாளத்து வண்டி ஓட்டுகிறார் என்பதால் குவாரியில் அவருக்கு மேஜர் என்று பெயர் விழுந்துவிட்டது. பட்டாளத்தைத் தூரத்தில்கூடப் பார்த்ததில்லை. யாராவது சல்யூட் அடித்தால் மட்டும் மறக்காமல் திருப்பி அடிப்பார்.

மெக்கானிக்குக்கும் ஒரு பெயர் இருந்தது. எந்த நட்டையும் மூன்று தரம் முறுக்கிப் பார்ப்பான். வீட்டைப் பூட்டினால் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பான். அதனால் 'மூணுதரம்' என்பார்கள். அவனுக்குத் தன் கை மேலேயே நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாததால்தான் அவன் வேலை சுத்தமாக இருந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

வண்டியின் கோளாறு ஊருக்கே தெரியும். முதல் தரம் மிதித்தால் பெடல் சும்மா தரை வரைக்கும் போய்விடும். காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால்தான் பிடிக்கும். பிடிக்கும்போதும் இடது பக்கமாக இழுக்கும்.

"முதல் மிதி அத எழுப்புறதுக்கு மாப்ளே. ரெண்டாவது மிதி வேலை வாங்குறதுக்கு. என்னையும் உங்கக்கா ரெண்டு தரம் கூப்டாதான் எந்திரிப்பேன்" என்பார் மேஜர்.

போன மாதம் ஒருநாள், இரண்டாவது வளைவில், இரண்டாவது மிதியும் பிடிக்கவில்லை. மேஜர் வண்டியை மலைப் பக்கச் சுவரோடு உரசிக்கொண்டே போய் நிறுத்தினார். யாருக்கும் அடி இல்லை. ஆனால் மேனேஜர் வந்து பார்த்துவிட்டார்.

"வர்ற வெள்ளிக்கிழமை என் கண்ணு முன்னாடி, லோடோட, சரிவுல நிக்கணும்" என்றார். "நிக்கலன்னா வண்டி பழைய இரும்புக்கு, மேஜர் வீட்டுக்கு."

மேஜருக்கு ஐம்பத்தாறு வயது. இந்த ஒரு வண்டியைத் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை. வேறு யாரும் கூப்பிட்டு வேலை கொடுக்கப் போவதில்லை. அன்று மத்தியானமே அக்கா ஷெட்டுக்கு வந்து நின்றாள்.

"எவ்வளவு செலவானாலும் சரி, ராப்பகலா உக்காந்தாலும் சரி, நீ சரி பண்ணிக் குடுத்துடு. அவர எறக்கி விட்டுடாதடா" என்றாள்.

"நான் பாத்துக்கறேன்கா."

"மூணுதரம் பாரு."

மெக்கானிக் வண்டியை ஜாக்கியில் தூக்கி நான்கு பக்கமும் கட்டை கொடுத்தான். ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றினான். மூன்று சக்கரங்கள் சுற்றின. முன்பக்கம் வலது சக்கரம், பெடலை மிதித்து விட்டபிறகும் இறுகியே இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து சுற்றிப் பார்த்தால் சுற்றியது.

சக்கரத்தோடு சுற்றும் டிரம்மைக் கழற்றி, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவைப் பார்த்தான். ஸ்பிரிங்கைப் பார்த்தான். வீல் சிலிண்டரைப் பிரித்து ரப்பரைப் பார்த்தான். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மறுபடி மாட்டி, மிதித்து, சக்கரத்தை இறுக வைத்து, இந்தத் தரம் பிரேக் ஆயில் போகும் வழியில் ஒவ்வொரு இணைப்பாகத் தளர்த்திக்கொண்டு வந்தான். ரப்பர் ஹோசுக்கு மேல் பக்கம் தளர்த்தினால் சக்கரம் விடவில்லை. ஹோசுக்குக் கீழ்ப் பக்கம் தளர்த்தியதும் ஆயில் பீறிட்டது, சக்கரம் விட்டது. ஹோசை அறுத்துப் பார்த்தான். வெளியே பளபளவென்று இருந்த ஹோசின் உள்பக்கம் வீங்கி, ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. ஆயில் மெதுவாகப் போய் மெதுவாகத் திரும்பியிருக்கிறது. இடது பக்கம் முந்திப் பிடித்தது அதனால்தான். வலது டிரம் சூடாகிக்கொண்டே இருந்ததும் அதனால்தான்.

ஒரு கேள்விக்கு விடை கிடைத்தது. முதல் மிதி ஏன் சும்மா போகிறது?

டிரம்முக்குள் சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்து, ஷூவை மாட்டிச் சுற்றி, திரும்பக் கழற்றினான். ஷூவின் மேல் ஒட்டிய லைனிங்கின் நடுவில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை ஒட்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் டிரம்மை எத்தனை தரமோ கடைந்து கடைந்து அது அகன்றுவிட்டது. ஷூ பழைய வளைவிலேயே இருந்தது. முதல் மிதி முழுவதும் அந்த இடைவெளியை நிரப்பவே செலவானது.

தடித்த லைனிங் ஒட்டி, டிரம்மின் வளைவுக்குத் தேய்த்து, சுண்ணாம்பு முழு நீளத்துக்கும் ஒட்டும் வரைக்கும் விடவில்லை. எட்டு ஷூ, ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டுத் தரம். மூக்கிலும் காதிலும் கறுப்புத் தூள் ஏறி, இருமினால் மை மாதிரி வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மேனேஜர் லோடோடு நிற்க வேண்டும் என்றிருந்தார். ஒரே குழாயில் நான்கு சக்கரமும் தொங்கிக்கொண்டிருந்த பழைய அமைப்பை எடுத்துவிட்டு, முன்சக்கரத்துக்கு ஒரு வழி, பின்சக்கரத்துக்கு ஒரு வழி என்று இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வைத்தான். உடைப்புக்கு வந்த லாரியிலிருந்து, மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தினான். அதற்குக் காற்றை உறிஞ்சிக் கொடுக்க டைனமோவோடு ஒரு பம்ப். முன்னே முழு உடம்பையும் போட்டு மிதிக்க வேண்டியிருந்த பெடல், இப்போது கட்டைவிரல் பட்டாலே வேலை செய்தது.

வெள்ளிக்கிழமை மெக்கானிக்தான் ஓட்டினான். ஏதாவது ஆனால் தன்னோடு போகட்டும் என்று அத்தானை ஏற விடவில்லை. முதலில் வெறும் வண்டி. அப்புறம் அரை லோடு. அப்புறம் முழு லோடு கல். சரிவின் நடுவில் ஒரே மிதி. ஆணி அடித்த மாதிரி நின்றது.

"இது நம்ம வண்டிதானா?" என்றார் மேனேஜர்.

மேஜர் மச்சானின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். கண்ணில் நீர் நின்றது. "லைனிங் தூள் மாப்ளே, லைனிங் தூள்" என்று துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் மேஜர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் குவாரி வாசலுக்கு எடுத்தார். கேட் அருகே ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. வண்டி இரண்டு தரம் தலையாட்டிவிட்டு நின்றது. முதலில் ஒரு சின்ன ஆட்டம், உடனே ஒரு பெரிய ஆட்டம்.

மெக்கானிக் அதைப் பார்த்தான். பார்க்கவில்லை என்று பின்னால் அவனால் ஒருபோதும் சொல்ல முடியவில்லை.

"அத்தான், நிறுத்துங்க. ஆயில் லைன்ல எங்கயோ ஏர் பூந்திருக்கு."

"நல்லாத்தாண்டா பிடிக்குது."

"ரெண்டு தரம் ஆடுச்சு. எறங்குங்க."

மறுநாள் நான்கு சக்கரத்திலும் ஆயிலைக் கசியவிட்டு மறுபடி ஏர் எடுத்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. மூன்று தரம் எடுத்தான், மூன்று தரமும் சுத்தமான ஆயில்தான் வந்தது. வண்டியில் தேட வேண்டிய இடமெல்லாம் தேடிவிட்டு, தன்னுடைய சந்தேகப் புத்திதான் என்று முடிவு கட்டினான். பெடலின் மேல் இருந்த காலை அவன் யோசிக்கவில்லை.

ஒன்பது நாள் வண்டி ஏறி இறங்கியது. குவாரி ஆட்கள் ஷெட்டைத் தாண்டும்போது கை காட்டினார்கள். அவர்களில் ஒருவன் கொக்கு. ஆறரை அடி உயரம். உட்கார்ந்தால் முட்டி வாயில் இடிக்கும் என்று சொல்லிக்கொண்டு எப்போதும் டிரைவர் கேபினுக்குப் பின்னால் நின்றுகொண்டேதான் வருவான். கேபினின் பின்ஜன்னல் வழியாகக் குனிந்து மேஜரோடு வழி நெடுகப் பேசுவான்.

"மேஜர், இப்பல்லாம் வண்டி ரொம்ப மரியாதையா நிக்குது. அதுக்கு ஏதாவது பெரிய எடத்துல பொண்ணு பாத்திருக்கீங்களா?"

"உனக்கே கல்யாணம் ஆயிடுச்சுடா, வண்டிக்கும் ஆவட்டும்."

பத்தாவது நாள் வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணி. மெக்கானிக் ஷெட் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தான். வண்டி இரண்டாவது வளைவைத் திரும்பி வந்தது. எதிர்ச் சந்திலிருந்து விறகு ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று சட்டென்று ரோட்டுக்கு நீண்டது.

வண்டி தலையைக் குனிந்தது. பின்னால் நின்றவர்கள் முன்னே சாய்ந்தார்கள். அந்த ஒரு மிதியே போதுமாக இருந்தது. தள்ளுவண்டிக்கும் லாரிக்கும் நடுவில் இன்னும் பத்தடி இருந்தது. ஆனால் வண்டி தலையைத் தூக்கியது, ஆட்கள் பின்னே சாய்ந்தார்கள், மறு நொடியே இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தின் முழுப் பலத்தோடு இரண்டாவது மிதி விழுந்தது. சக்கரங்கள் நான்கும் பூட்டிக்கொண்டன. நின்றவர்களும் உட்கார்ந்தவர்களும் ஒரே குவியலாக முன்னே வந்தார்கள். கொக்கு அந்த நேரத்தில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு கையும் தலையில் இருந்தன. கேபினின் மேல் விளிம்பு அவன் நெஞ்சில் அடித்தது. குவியல் முழுதும் அவன் முதுகில் அடித்தது.

கையில் சோப்பு நுரையோடு மெக்கானிக் நின்றான். மற்றவர்கள் ஓடினார்கள். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கொக்கின் பெண்டாட்டி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் அதே வண்டியில்தான் வந்திருந்தாள். முழங்கையில் கட்டு.

"அண்ணே, நீங்கதானே பிரேக் மாத்துனது?" என்றாள்.

"ஆமாம்மா."

"பிரேக் நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன்ணே?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டாள். அவன் பக்கத்தில் மேஜர் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் வண்டி ஆய்வாளர் வந்தார். டேப்பை விரித்து ரோட்டில் விழுந்திருந்த டயர்த் தடத்தை அளந்தார். தடம் இரண்டு துண்டாக இருந்தது. முதலில் மங்கலாக ஒரு சின்னக் கோடு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் கரியால் இழுத்த மாதிரி ஒரு கோடு.

"இது என்ன நடுவுல விட்டிருக்கு? பள்ளத்துல குதிச்சிருக்குமோ?" என்றார்.

ரோட்டில் பள்ளம் இல்லை. மெக்கானிக் "இருக்கலாம் சார்" என்றான். சொல்லிவிட்டு அத்தானைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தான்.

ஆய்வாளர் தானே ஓட்டிப் பார்த்தார், டிரம்மைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். "யாருய்யா இந்த வேலை பண்ணினது? கம்பெனியில கூட இப்படிப் பண்ண மாட்டான்" என்று பாராட்டினார். வண்டியில் குறை இல்லை, நின்றுகொண்டு வந்தவர் பிடிமானம் இல்லாமல் அடிபட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலை கொக்கு இறந்துபோனான். மேனேஜர் மாலையோடு போய் வந்தார். அங்கேயே மேஜரிடம் தணிந்த குரலில், "திங்கட்கிழமை வண்டி ஏறணும். ஆளுங்கள உக்காரச் சொல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக், கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்துக்கு அத்தானையும் வண்டியையும் கூட்டிப் போனான்.

"என்னடா, எனக்கு லைசென்ஸ் டெஸ்ட்டா?"

"சும்மா ஓட்டுங்க அத்தான். நான் சொல்றப்ப நிறுத்துங்க."

பக்கத்தில் உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நிறுத்துங்க என்றான், ஒரு மிதி. மறுபடி நிறுத்துங்க என்றான், ஒரு மிதி. இருபது தரம் நிறுத்தச் சொன்னான். இருபதும் ஒற்றை மிதி, வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி.

மேஜர் முகம் மலர்ந்தது. "பாத்தியா? பழகிடுச்சு. அன்னிக்கு என்னமோ நேரம் மாப்ளே. கொக்குப் பய நேரம்."

"இன்னும் கொஞ்சம் சுத்திக்கிட்டே இருங்க. நான் எறங்கிக்கறேன்."

இறங்கி, உடைந்த சுவர் ஒன்றின் பின்னால் போனான். பழைய டயர் ஒன்றில் கயிறு கட்டி முன்பே வைத்திருந்தான். வண்டி மூன்று சுற்று சும்மா சுற்றட்டும் என்று விட்டு, நான்காவது சுற்றில் கயிற்றைச் சுண்டி இழுத்தான். டயர் வண்டிக்கு முன்னால் பாய்ந்தது. வண்டி இரண்டு தரம் தலையாட்டியது.

"டேய், பைத்தியமா உனக்கு?" என்று மேஜர் கத்தினார்.

"இன்னொரு தரம் அத்தான்."

எப்போது இழுப்பான் என்று சொல்லாமல் பன்னிரண்டு தரம் இழுத்தான். டயர் வரப்போகிறது என்பது மேஜருக்குத் தெரியும். ஒற்றை மிதிதான் போட வேண்டும் என்பதும் தெரியும். பன்னிரண்டு தரமும் வண்டி இரண்டு முறை தலையாட்டியது. கடைசித் தரம் நிறுத்திவிட்டு மேஜர் எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து படியில் உட்கார்ந்தார்.

"நான் மிதிக்கல மாப்ளே. அதுவா மிதிக்குது" என்றார்.

மெக்கானிக் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். மேஜர் கடன் கேட்பவர் மாதிரி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பழைய மாதிரியே ஆக்கிடேன். எனக்குத் தெரிஞ்ச பிரேக் அதுதான். அதுல நான் யாரையும் கொல்லல."

அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பூஸ்டருக்குப் போகும் ஹோசைப் பிடுங்கிவிட்டு, நான்கு சக்கரத்திலும் ஷூவைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால் போதும். முதல் மிதி சும்மா போகும். இரண்டாவது பிடிக்கும். அத்தானின் கால் சரியாகிவிடும். மெக்கானிக் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனான். முன் வலது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, ஷூவை நகர்த்தும் அட்ஜஸ்டரை நான்கு பல் தளர்த்தினான். சுரண்டும் சத்தம் நின்று சக்கரம் விட்டு வந்தது. மல்லாந்து படுத்தபடியே, முப்பது பேரோடு இரண்டாவது வளைவில் இந்தப் பெடல் தரைக்குப் போவதை நினைத்துப் பார்த்தான். அத்தான் சுவரோடு உரசி நிறுத்திய அந்த நாளில் சுவர் இருந்தது மலைப் பக்கம். மறுபக்கம் சுவரே கிடையாது.

நான்கு பல்லையும் ஒவ்வொன்றாக எண்ணித் திரும்ப முறுக்கிவிட்டு வெளியே வந்தான்.

"அத்தான், சாவியக் குடுங்க."

மேஜருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றார். "நீ யாருடா என்கிட்ட சாவி கேக்க? மேனேஜரே ஏறுன்னுட்டான். சர்க்காரே எழுதிக் குடுத்துடுச்சு."

"அவங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுல்ல? அப்ப விடு. தெரிஞ்சது நீயும் நானும்தானே?"

"நாளைக்கு ஏறாதீங்க அத்தான். நீங்களா சொல்லிடுங்க. முடியலன்னு சொல்லிடுங்க."

மேஜர் ஏறி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மெக்கானிக் நடந்தே வீடு திரும்பினான். ராத்திரி முழுக்க, தான் எண்ணியது சரிதானா, கயிற்றை ரொம்பக் கிட்டத்தில் இழுத்துவிட்டோமா, வேறு யாருக்காவது இப்படித்தான் ஆகுமா என்று புரண்டுகொண்டிருந்தான். எப்படிக் கூட்டினாலும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டுதான் வந்தது.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு அவன் போனபோது ஆட்கள் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. யாரும் நிற்கவில்லை. மேஜர் ஸ்டீயரிங்கில் கை வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் பைக்கைச் சாய்த்து நிறுத்திவிட்டு வந்தார்.

"சார், இவர் இந்த வண்டிய ஓட்டக் கூடாது" என்றான் மெக்கானிக்.

"பிரேக் சரியில்லையா?"

"பிரேக் நல்லாருக்கு. இவரு ரெண்டு தரம் மிதிக்கறாரு. பழைய பழக்கம். கொக்கு செத்தது ரெண்டாவது மிதியில. வண்டி குடுத்த அன்னிக்கே நான் பாத்தேன். ஏர்னு நெனச்சேன். ஆய்வாளர் கேட்டப்பவும் சொல்லல."

பின்னாலிருந்து ஒருவர், "தப்பிக்கறதுக்கு அக்கா புருஷனையே காட்டிக் குடுக்கறான் பாரு" என்றார். இன்னொருவர் அவரை அதட்டினார்.

"மேஜர், என்னய்யா சொல்றான் உன் மச்சான்?" என்றார் மேனேஜர்.

மேஜர் அவனைப் பார்த்தார். பொய் சொல்வார் என்றுதான் மெக்கானிக் நினைத்தான். சொல்லியிருந்தால் மேனேஜர் நம்பியிருப்பார், அவருக்கு வண்டி ஏறினால் போதும். மேஜர் சாவியை உருவினார். கதவைத் திறந்து இறங்கி, சாவியை பானெட்டின் மேல் வைத்தார். மச்சானின் கையில் கொடுக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊர்ப் பக்கமாக நடந்தார். இந்தத் தரம் யாரும் சல்யூட் அடிக்கவில்லை.

மேனேஜர் மணியைப் பார்த்தார். "இப்ப யாரு ஓட்டுறது? முப்பது பேர் உக்காந்திருக்கான். வேற ஆள் வர ஒரு வாரமாவது ஆகும்" என்றவர், பானெட்டிலிருந்து சாவியை எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினார். "உன் வாயி, உன் வண்டி. ஏறு."

அவன் சுற்றிலும் பார்த்தான். வேறு யாரும் இல்லை. ஏறினான். சீட் அத்தானின் உடம்புக்குப் பள்ளமாகியிருந்தது.

அன்று சாயங்காலம் மெதுவாகத்தான் இறக்கினான். இரண்டாவது வளைவு கடந்து, ஷெட்டும் கடந்து, தெருவுக்குள் திரும்பியபோது அக்கா ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாள். அவன் ஒரே மிதியில் நிறுத்தினான். அவள் ஜன்னலுக்கு அருகே வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், ஸ்டீயரிங்கில் இருந்த அவன் கைகளையே பார்த்தாள்.

"அவர எறக்கிவிட்டுட்டு நீ ஏறி உக்காந்துக்கிட்டியா?"

"அக்கா, நான் சொல்றதக் கேளு..."

"காலைலேருந்து சுவத்தப் பாத்து உக்காந்திருக்காரு. பச்சத் தண்ணி எறங்கல. போடா, போ. வண்டில ஆள் இருக்காங்க, போயி எறக்கு."

அவள் திரும்பி வீட்டுக்குள் போனாள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பின்னால் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, நேரமாகிறது என்று மெல்லச் சொன்னாள். அவன் கியரைப் போட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்களா என்று எண்ணிவிட்டு, வண்டியை எடுத்தான்.